அப்பாவுக்கு உணவுக்குழாய் கேன்சர், ‘பரவியிருக்கு’ என்கிறார்கள். எங்கே, எவ்வளவு என்று எப்படிக் கேட்பது?

சிவதாபுரம் மகன் | திங்கள், இரவு 11.10

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்கு வயது 61. சேலத்தில் நாற்பது வருடமாகக் கொலுசுப் பட்டறை வேலை. பீடி உண்டு, ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் குடியும் உண்டு. தீபாவளி சமயத்தில் இட்லி நெஞ்சில் நின்றுவிடுகிறது என்றார். பக்கத்துக் கிளினிக்கில் கேஸ் மாத்திரை கொடுத்தார்கள். அதையே இரண்டரை மாதம் விழுங்கினார். பொங்கலுக்குச் சோறே இறங்கவில்லை, கஞ்சிதான். 64 கிலோ இருந்தவர் இப்போது 55.

போன வாரம் எண்டோஸ்கோபி செய்தோம். முன்பல்லிலிருந்து 32 சென்டிமீட்டரில் வளர்ச்சி. சதை எடுத்து அனுப்பியதில் ஸ்குவாமஸ் வகை கேன்சர் என்று வந்தது. சிடி ஸ்கேன் ரிப்போர்ட்டில், கட்டிக்குப் பக்கத்திலும் இரைப்பைக்கு மேலேயும் நெறிகட்டி (நிணநீர்க் கணு) வீங்கியிருக்கிறது, வலது நுரையீரலில் 4 மில்லிமீட்டரில் ஒரு புள்ளி இருக்கிறது என்று போட்டிருக்கிறார்கள். டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, “பரவியிருக்கு, பெட் ஸ்கேன் எடுத்துட்டு வாங்க” என்றார். அவ்வளவுதான், அடுத்த நோயாளியைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

பரவியிருக்கு என்றால் என்ன அர்த்தம்? எவ்வளவு நாள்? பெரியப்பா, “சதை எடுத்ததாலதான் பரவியிருக்கு, இனிமே கத்தி படவே கூடாது, மூலிகை வைத்தியரைப் பார்க்கலாம்” என்கிறார். அம்மா நான்கு நாளாக யாரோடும் பேசவில்லை. எனக்குத் தூக்கம் இல்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

நைட் டியூட்டி அக்கா | திங்கள், இரவு 11.48

தம்பி, 31 வருடம் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். முதலில் ஒன்று. சதை எடுத்ததால் பரவாது. எண்டோஸ்கோபியில் எடுப்பது அரிசி மணி அளவுத் துணுக்கு. அப்பாவுக்குச் சோறு இறங்காமல் போனபோதே உள்ளே கட்டி பெரிதாக இருந்திருக்கிறது. உணவுக்குழாய் நன்றாக விரிந்து கொடுக்கும். உள்வழி 13 மில்லிமீட்டருக்குக் கீழே குறுகிய பிறகுதான் கெட்டியான சாப்பாடு நிற்கத் தொடங்கும். அதனால்தான் இந்த நோய் தாமதமாகத் தெரிகிறது. பெரியப்பாவிடம் கோபப்படாதே. அவருக்கும் பயம்தான். எங்கள் வார்டில் பத்தில் ஐந்து குடும்பம் இதைக் கேட்டிருக்கும்.

நாளைக்குக் காலையிலேயே செய்ய வேண்டியது சாப்பாடு. 64இலிருந்து 55 என்பது சாதாரணம் இல்லை. முட்டை அடித்த பால், வடிகட்டிய பருப்புத் தண்ணீர், சத்துமாவுக் கஞ்சி, நிலக்கடலை அரைத்த பால். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, ஒரு டம்ளர். கஞ்சியும் இறங்காவிட்டால் மூக்கு வழியாகவோ, வயிற்றுத் தோல் வழியாக நேரே சிறுகுடலுக்கோ சாப்பாட்டுக் குழாய் போடச் சொல்லிக் கேள். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் இருமல் வந்தாலோ, குரல் திடீரென்று கரகரத்தாலோ காத்திருக்காதே, உடனே டாக்டரிடம் சொல்.

---

கன்னங்குறிச்சிக்காரன் | செவ்வாய், காலை 6.20

நான் சேலத்துக்காரன், சென்னையில் கேன்சர் அறுவை சிகிச்சையில் மேற்படிப்பு படிக்கிறேன். உங்கள் அப்பாவின் ஸ்கேனை நான் பார்க்கவில்லை, அதனால் பொதுவாகச் சொல்கிறேன்.

‘பரவியிருக்கு’ என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வெவ்வேறு விஷயம் இருக்கிறது. டாக்டர்கள் இதை டி, என், எம் என்று மூன்று எழுத்தில் எழுதுவார்கள். சுவரில் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பது டி. எத்தனை நெறிகட்டியில் இருக்கிறது என்பது என். கல்லீரல், நுரையீரல், எலும்பு என்று தூரத்து உறுப்புக்குப் போயிருக்கிறதா என்பது எம். மூன்றுக்கும் சிகிச்சை வேறு, ஆயுள் கணக்கும் வேறு.

உணவுக்குழாய் கிட்டத்தட்ட 25 சென்டிமீட்டர் நீளம். குடலுக்கு இருப்பதுபோல வெளிப்புறத்தில் ஒரு வழுவழுப்பான உறை அதற்குக் கிடையாது. தசையைத் தாண்டினால் அடுத்து மூச்சுக்குழல், பெருந்தமனி, இதயத்தின் உறை எல்லாம் ஒட்டினாற்போல இருக்கும். இன்னொன்று, அதன் உள்தோலுக்கு அடியிலேயே நிணநீர்க் குழாய்கள் மேலும் கீழுமாக நீளவாக்கில் ஓடுகின்றன. நெஞ்சில் இருக்கிற கட்டியின் செல், பக்கத்து நெறியைத் தொடாமலே கழுத்து நெறிக்கோ வயிற்று நெறிக்கோ போய் உட்கார முடியும். பெருங்குடல் கேன்சர் சுவரில் இதே ஆழம் போயும் நெறியைத் தொடாமல் இருப்பது உண்டு. உணவுக்குழாயில் அந்தச் சலுகை குறைவு. கட்டி உள்தோலோடு நின்றால் நெறிக்குப் போவது அரிது, அதற்கு அடுத்த அடுக்குக்குப் போய்விட்டால் ஐந்தில் ஒருவருக்காவது நெறியில் இருக்கும்.

எண்ணிக்கையும் முக்கியம். ஒன்று, இரண்டு நெறி என்றால் என்1. மூன்று முதல் ஆறு என்2. ஏழும் அதற்கு மேலும் என்3. ஒவ்வொரு படி ஏறும்போதும் ஆயுள் குறைகிறது. ஆனால் நெறியில் இருக்கிறது என்பதற்காகக் குணப்படுத்தும் வழி மூடிவிடவில்லை. இரைப்பைக்கு மேலே உள்ள நெறி, இந்த நோய்க்குப் பக்கத்து நெறி என்றே கணக்கு. காறை எலும்புக்கு மேலே, கழுத்தடியில் உள்ள நெறியைத்தான் இன்றைய டிஎன்எம் முறையில் தூரப் பரவலாக எடுத்துக்கொள்கிறார்கள்.

---

ஐந்துரோடு கணக்கன் | செவ்வாய், காலை 9.05

தம்பி, எவ்வளவு நாள் என்ற எண்ணிக்கையைக் கேட்காதீர்கள். என் அண்ணனுக்கு இதே நோய். ஒரு மருத்துவமனையில் அவர் காதுபடவே “ஆறு மாசம்” என்று சொல்லிவிட்டார்கள். மூலையில் காலண்டரைத் தொங்கவிட்டு நாளை எண்ணினார். கஞ்சிகூட வேண்டாம் என்று தள்ளினார். நோய் கொண்டுபோனதா, அந்த ஆறு மாசம் கொண்டுபோனதா என்று எனக்கு இன்னும் தெரியாது.

---

கன்னங்குறிச்சிக்காரன் | செவ்வாய், மதியம் 1.30

அண்ணா, நீங்கள் சொல்வது வலிக்கிறது. அப்படிச் சொன்ன விதம் தவறு. ஆனால் இவர் எண்ணைக் கேட்டுத்தான் வந்திருக்கிறார். நான் சொல்லாவிட்டால் இரவு ஒரு மணிக்கு எங்காவது தேடி, யாருடையதோ ஒரு எண்ணைத் தன் அப்பாவுக்குப் பொருத்திக்கொள்வார். அதனால் எண்ணையும் சொல்லி, அது யாருடையது என்பதையும் சொல்கிறேன்.

அமெரிக்காவின் பதிவேட்டுக் கணக்கில், நோய் உணவுக்குழாயோடு நின்றவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேர் ஐந்து வருடம் கடக்கிறார்கள். பக்கத்து நெறி வரை போனவர்களில் 28 சதவீதம் அளவில். தூரத்து உறுப்புக்குப் போனவர்களில் 5 சதவீதம் அளவில். பரவல் எவ்வளவு தூரம் ஆயுளைத் தீர்மானிக்கிறது என்பது இந்த மூன்று எண்ணிலேயே தெரிகிறது. ஆனால் அது அங்கே எல்லா வயதினரையும், சிகிச்சை எடுக்காதவர்களையும் சேர்த்த கணக்கு. அங்கே அதிகம் வருவது இரைப்பைக்கு அருகே, சுரப்பி செல்லில் தொடங்கும் அடினோ வகை. நம் ஊரில் பெரும்பாலும் உள்தோலின் தட்டைச் செல்லில் தொடங்கும் ஸ்குவாமஸ்.

நெதர்லாந்தில் கிராஸ் என்று ஒரு ஆய்வு, 2012இல் வெளியானது. தூரத்துக்குப் பரவாத 366 பேர். பாதிப் பேருக்கு நேரடி அறுவை. மீதிப் பாதிக்கு ஐந்து வாரம் கீமோவும் கரண்டும் (கதிர்வீச்சைத்தான் நம் ஊரில் அப்படிச் சொல்வோம்) கொடுத்துவிட்டு அப்புறம் அறுவை. கரண்ட் 23 தடவை, மொத்தம் 41.4 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு). வாரம் ஒரு கீமோ, பேக்ளிடாக்ஸெல்லும் கார்போபிளாட்டினும். நேரடி அறுவைக் குழுவில் பாதிப் பேர் 24 மாதம் தாண்டினார்கள். சேர்த்துக் கொடுத்த குழுவில் அது 49 மாதம். பத்து வருடம் கழித்துப் பார்த்தபோது நேரடி அறுவைக் குழுவில் 25 சதவீதம் பேரும், சேர்த்துக் கொடுத்த குழுவில் 38 சதவீதம் பேரும் உயிரோடு இருந்தார்கள், அந்த இடைவெளி அப்படியே நின்றது. ஸ்குவாமஸ் வகைக்குப் பலன் இன்னும் அதிகம். கீமோவும் கரண்டும் முடிந்து அறுவை செய்து எடுத்த குழாயைச் சோதித்தபோது, ஸ்குவாமஸ்காரர்களில் 49 சதவீதம் பேருக்கு ஒரு கேன்சர் செல்கூட மிச்சம் இல்லை. அந்த ஆய்வில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோருக்கு ஸ்கேனிலேயே நெறி தெரிந்திருந்தது. உங்கள் அப்பாவைப் போல.

அதனால் “எவ்வளவு நாள்” என்பதற்கு முன்னால் கேட்க வேண்டியது, “குணப்படுத்துகிற நோக்கத்தோடு சிகிச்சை கொடுக்கிற நிலையில் இருக்கிறாரா” என்பது. உடம்பு முழுக்கப் பரவலைத் தேடுகிற பெட் ஸ்கேன் அதற்காகத்தான்.

---

வாழப்பாடி பாக்கு | செவ்வாய், இரவு 8.15

நான் நோயாளியாக இருந்தவன். வாழப்பாடியில் பாக்கு வியாபாரம். பதினாறு வயதிலிருந்து வாயில் பாக்கு இல்லாமல் இருந்த நாள் இல்லை. புகையிலை சேராவிட்டாலும் பாக்கே கேன்சரை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004லேயே சொல்லிவிட்டதாம். மூட்டை மூட்டையாக விற்ற எனக்குத் தெரியாது.

எனக்கும் நெறியில் இருந்தது. எனக்கும் “பரவியிருக்கு” என்றுதான் சொன்னார்கள். கரண்ட் வைக்கும்போது மூன்றாவது வாரம் எச்சில் விழுங்கினாலே நெஞ்சு எரியும். நான்காவது வாரம் ஓடிவந்துவிடலாம் என்று இருந்தது. வீட்டுக்காரிதான் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். ஐந்தாவது வாரத்துக்கு அப்புறம் ஒன்றரை மாத ஓய்வு, பிறகு அறுவை. எடுத்த 22 நெறியில் இரண்டில் இன்னும் இருந்தது. இப்போது ஆறாவது வருடம் நடக்கிறது.

அறுவை சாதாரணம் என்று சொல்ல மாட்டேன். உணவுக்குழாயை எடுத்துவிட்டு, இரைப்பையைக் குழாய் மாதிரி தைத்து மேலே இழுத்துக் கழுத்தில் இணைத்திருக்கிறார்கள். ஒரே தடவையில் நான்கு இட்லி இனி இல்லை. ஒன்றரை இட்லி, ஒரு நாளைக்கு ஆறு தடவை. இனிப்பு வேகமாகச் சாப்பிட்டால் படபடவென்று வியர்த்து மயக்கம் வரும். தலைப்பக்கம் உயர்த்தித்தான் படுக்கிறேன், தட்டையாகப் படுத்தால் எதுக்களிக்கும். இதெல்லாம் பழகிவிடும்.

தம்பி, அப்பா பீடியை இன்றைக்கே நிறுத்தட்டும். அறுவையில் என்னைப் படுத்தியது கேன்சர் இல்லை, நுரையீரல். பந்து மூன்றும் மேலே ஏறும்படி மூச்சை இழுக்கிற கருவி ஒன்று கொடுப்பார்கள். அதை இப்போதே வாங்கிப் பழகச் சொல்லுங்கள்.

---

நாகலூர் மகள் | செவ்வாய், இரவு 10.30

ஏற்காட்டிலிருந்து எழுதுகிறேன். எங்கள் கதை வேறு மாதிரி முடிந்தது. எல்லோரும் நல்ல கதையையே சொன்னால், கல்லீரலில் பரவியவர்களின் பிள்ளைகள் இதைப் படித்துவிட்டு என்ன செய்வார்கள் என்று தோன்றியது.

அம்மா காப்பித் தோட்டத்தில் பழம் பறிக்கிறவர். கொதிக்கக் கொதிக்கக் கடுங்காப்பி குடிப்பார், அடுப்பிலிருந்து இறக்கிய உடனே வேண்டும். 65 டிகிரிக்கு மேல் சூடாகக் குடிப்பது உணவுக்குழாய் கேன்சருக்குக் காரணமாகலாம் என்று பின்னால்தான் படித்தேன். கண்டுபிடித்தபோதே கல்லீரலில் நான்கு இடம், முதுகெலும்பில் ஒன்று.

அறுவை செய்ய முடியாது என்றார்கள். ஏன் என்று சண்டை போட்டேன். ஒரு டாக்டரம்மாதான் உட்காரவைத்துச் சொன்னார். “ரத்தத்துல கலந்து கல்லீரலுக்குப் போயிருக்குன்னா, கண்ணுக்குத் தெரியாத இடத்துலயும் போயிருக்கு. குழாயை எடுத்தா அம்மாவுக்கு மூணு மாசம் படுக்கைதான் மிச்சம், நோய் அப்படியே இருக்கும்.” அதற்குப் பிறகுதான் எனக்குப் புரிந்தது. உணவு இறங்க, குழாயை விரித்து வைக்கும் வலைக் குழல், ஸ்டென்ட் என்பார்கள், அதை வைத்தார்கள். இரண்டாம் நாள் ரசம் சோறு குழைத்துச் சாப்பிட்டார். அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன். முதுகு வலிக்கு அந்த இடத்தில் மட்டும் கரண்ட். அப்புறம் மார்ஃபின் மாத்திரை. மார்ஃபின் என்றாலே கடைசி என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். அது இல்லாமல் இருந்திருந்தால் அம்மா ராத்திரி தூங்கியிருக்கவே முடியாது.

எட்டு மாதம் இருந்தார். கீமோவுக்கு ஒவ்வொரு தடவையும் இருபது கொண்டை ஊசி வளைவு இறங்க வேண்டும், வழியெல்லாம் வாந்தி. நான்காவது கீமோவுக்கு அப்புறம், “போதும் கண்ணு, வீட்டுல இருக்கேன்” என்றார். நாங்கள் மறைக்கவில்லை, அவருக்கு எல்லாம் தெரியும். தங்கைக்குத் தோட்டப் பங்கை எழுதிவைத்தார். பூ மழை பெய்து காப்பிச்செடி வெள்ளையாகப் பூத்த வாரத்தில் போனார். ஐந்துரோடு அண்ணா, உங்கள் அண்ணனுக்கு உண்மை தெரிந்ததா கெடுத்தது? அதைப் பிறகு யாரும் அவரோடு உட்கார்ந்து பேசாததுதான் கெடுத்தது என்று எனக்குப் படுகிறது. தவறாக இருந்தால் மன்னியுங்கள்.

---

ஐந்துரோடு கணக்கன் | புதன், காலை 7.40

தவறு இல்லை அம்மா. நாங்கள் யாரும் பேசவில்லை. அவர் கேட்டபோதெல்லாம் “ஒன்றும் இல்லை, சரியாகிவிடும்” என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிடுவோம்.

---

கன்னங்குறிச்சிக்காரன் | புதன், இரவு 9.00

நாகலூர் அக்காவின் பதிவில் உள்ள ஸ்டென்ட் பற்றி ஒரு வார்த்தை. அக்காவின் அம்மாவுக்கு அது மிகச் சரி. ஆனால் அறுவைக்குப் போகக்கூடிய நோயாளிக்குப் பொதுவாக அதைத் தவிர்ப்போம், சாப்பாட்டுக்குக் குழாய்தான் போடுவோம். சாப்பாடு இறங்கவில்லை என்று யாராவது அவசரமாக ஸ்டென்ட் வைக்கச் சொன்னால், “அறுவைக்கு வாய்ப்பு இருக்கிறதா என்று முடிவான பிறகா?” என்று கேளுங்கள். பரவலைச் சரியாக அளக்காமல் எடுக்கிற எந்த முடிவும் பின்னால் கையைக் கட்டிவிடும்.

தூரத்துக்குப் பரவியவர்களுக்கும் நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. கீமோவோடு, உடம்பின் எதிர்ப்புச்சக்தியைக் கேன்சருக்கு எதிராகத் தூண்டும் மருந்தைச் (இம்யூனோதெரபி) சேர்த்துக் கொடுத்த பெரிய ஆய்வுகள் 2021, 2022இல் வந்தன. பாதிப் பேர் தாண்டிய காலம் பத்து மாதத்திலிருந்து பன்னிரண்டு, பதின்மூன்று மாதம் ஆனது. கேட்பதற்குச் சின்னதாகத் தெரியும். ஆனால் அதில் ஒரு சிறு பகுதியினர் வருடக்கணக்கில் இருக்கிறார்கள். விலைதான் பெரிய தடை.

பெட் ஸ்கேனில் ஒரு எச்சரிக்கை. அதில் மின்னுவதெல்லாம் கேன்சர் இல்லை. நம் நாட்டில் பழைய காசநோய் நெறியும் அதே மாதிரி மின்னும். சிகிச்சையையே மாற்றக்கூடிய இடத்தில் ஏதாவது மின்னினால், ஊசி போட்டு எடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். 4 மில்லிமீட்டர் புள்ளி அந்த ஸ்கேனுக்கு மிகச் சின்னது. மின்னாவிட்டாலும் ஒன்றும் இல்லை என்று அர்த்தம் ஆகாது, இருக்கிறது என்றும் ஆகாது.

---

நைட் டியூட்டி அக்கா | வியாழன், காலை 5.55

தம்பி, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதா? ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கிற குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் வரை உண்டு. சிகிச்சை தொடங்கும் முன்னாலேயே மருத்துவமனையின் காப்பீட்டு கவுன்டரில் கேட்டுவிடு. நம் ஊர் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவமனையிலும் விசாரி. சென்னைக்கு என்றால் நிறையப் பேர் ஏற்காடு எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறி, விடிந்ததும் அடையாறு கேன்சர் மருத்துவமனைக்குப் போய்விடுவார்கள். ஐந்து வாரம் தினமும் கரண்ட் என்பதால், எங்கே தங்கப் போகிறீர்கள் என்பதையும் சேர்த்து யோசி. இடையில் விட்டுவிட்டு வருவதுதான் பெரிய கெடுதல்.

---

சிவதாபுரம் மகன் | அடுத்த புதன், இரவு 10.05

பெட் ஸ்கேன் வந்துவிட்டது. கட்டியும், பக்கத்தில் ஒரு நெறியும், இரைப்பைக்கு மேலே ஒன்றும் மின்னுகின்றன. கல்லீரல், எலும்பு சுத்தம். கழுத்திலும் எதுவும் இல்லை. நுரையீரல் புள்ளி மின்னவில்லை.

இந்த முறை டாக்டரிடம் எழுதி எடுத்துப் போனேன். சுவரில் எவ்வளவு ஆழம், எத்தனை நெறி, தூரத்தில் ஏதாவது உண்டா, குணப்படுத்தும் நோக்கமா, அறுவைக்கு உடம்பு தாங்குமா. அவர் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். டி3, என்1 என்று எழுதிக் காட்டினார். தசையைத் தாண்டி வெளிச் சுவரில் இருக்கிறது, தமனியை ஒட்டவில்லை என்றார். புள்ளியைப் பற்றிக் கேட்டபோது, “இப்ப சொல்ல முடியாது. அஞ்சு வாரம் முடிஞ்சு திரும்ப ஸ்கேன் எடுப்போம். அது பெருசாகியிருந்தா, இல்ல புதுசா எங்கயாவது வந்திருந்தா அறுவை செய்ய மாட்டோம், வேற வழி பேசுவோம். அப்படியே இருந்தா செய்வோம்” என்றார். இதைக் கேட்டபோது பயமாகத்தான் இருந்தது. ஆனால் முதல் தடவை ‘பரவியிருக்கு’ என்று மட்டும் சொல்லி அனுப்பியபோது வந்த பயம் இல்லை இது. எதற்குப் பயப்படுகிறோம் என்று தெரிகிறது.

வெளியே வந்ததும் அப்பாவிடம் சொன்னேன். அம்மாவும் இருந்தார். நெறியில் இருக்கிறது, கல்லீரலில் இல்லை, நுரையீரலில் ஒரு புள்ளி, அது என்னவென்று இன்னும் தெரியாது என்று அப்படியே சொன்னேன். அப்பா கொஞ்ச நேரம் தரையையே பார்த்தார். “அப்ப அஞ்சு வாரம் பட்டறைக்கு யாரு போறது?” என்று கேட்டார். அம்மா அழுதார், கிட்டத்தட்ட இரண்டு வாரத்துக்கு அப்புறம் முதல் தடவையாகப் பேசினார். “நீ ஒழுங்கா கஞ்சியைக் குடி” என்றார்.

பெரியப்பா இன்னும் முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் திங்கட்கிழமை முதல் கரண்டுக்கு அவர்தான் வண்டி எடுத்து வருகிறார். சாப்பாட்டுக் குழாய் வெள்ளிக்கிழமை போடுகிறார்கள். எடை 54.5.

---

வாழப்பாடி பாக்கு | அடுத்த புதன், இரவு 10.40

மூன்றாவது வாரம் எரிச்சல் தொடங்கும்போது இங்கே வந்து எழுதுங்கள் தம்பி. அப்பாவிடம் போனைக் கொடுங்கள், நானே பேசுகிறேன்.